காதுக்குள் ஓயாத ரீங்காரம்

திருவானைக்காவில் அகிலாண்டேஸ்வரி அன்னையைத் தரிசிப்பவர்களின் பார்வை முதலில் அன்னையின் திருமுகத்திலும், அடுத்த கணமே அவளது திருச்செவிகளில் ஒளிரும் தாடங்கங்களிலும் பதியும். உக்கிர வடிவில் இருந்த அன்னையைச் சாந்தப்படுத்த, ஸ்ரீசக்ர வடிவான அந்தத் தாடங்கங்களை ஆதிசங்கரர் அணிவித்தார் என்பது தல மரபு. அடியார்களின் குறைகளையெல்லாம் கேட்டருளும் செவிகள் அவை. அந்தச் சந்நிதியில் நின்று, "தாயே, என் காதில் கேட்கும் இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடு" என்று நான்கு ஆண்டுகளாக வேண்டிக்கொண்டிருந்தார் பெரியவர் ஒருவர்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 72. மழைக்காலத்து இரவில் தோட்டத்தில் சில்வண்டுகள் கத்துவதுபோல இரு காதுகளிலும் இடைவிடாத ஓசை. பகலில் வீட்டின் சந்தடியில் அது சற்று மறைந்திருக்கும். இரவில் விளக்கை அணைத்ததும் ஊரே அடங்க, அது மட்டும் ஓங்கி எழும். தொடக்கத்தில் ஒரு மருத்துவரிடம் சென்றார். "வயதாகிவிட்டது, பழகிக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரியோடு அனுப்பிவிட்டார் அவர். பிறகு அவரவர் சொன்ன எண்ணெய், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, விளம்பரத்தில் கண்ட மூலிகைக் குப்பி என்று ஓய்வூதியத்தில் ஒரு பகுதி மாதந்தோறும் கரைந்தது. ஓசை மட்டும் குறையவில்லை. உச்சிக்கால பூஜைக்கு நாள் தவறாமல் சென்றவர், மேளமும் மணியும் காதைத் துளைப்பதாகச் சொல்லி அதையும் நிறுத்திக்கொண்டார்.

இந்நிலையில், ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை காலை அவருடைய மனைவி கண்விழித்தபோது, அவருக்கு வலக்காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. உள்ளே 'உய்ங்' என்ற ஓசை. தொலைபேசியை வலக்காதில் வைத்தால் பேச்சே கேட்கவில்லை. கணவரிடம் சொன்னார். அவர் பெருமூச்சுவிட்டார். "எனக்கு இருப்பதுதான் உனக்கும் வந்திருக்கிறது. இதற்கு வைத்தியம் கிடையாது. நான் அலைந்த அலைச்சல் போதும், நீயும் அலைய வேண்டாம்" என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் அந்தச் சொல்லால் ஒன்பது நாட்கள் வீணாயின.

மறுவாரம் ஆடி வெள்ளிக்கு அன்னையைத் தரிசிப்பதற்காகக் கோவையிலிருந்து மகள் வந்தாள். தாயின் வலப்பக்கம் நின்று இரண்டு முறை அழைத்தும் தாய் திரும்பிப் பார்க்காததைக் கண்டாள். விவரம் கேட்டவள், "அம்மனைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் அப்பா. முதலில் டாக்டரைப் பார்ப்போம்" என்று பெற்றோர் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் புறப்பட்டாள்.

ஒரே ஓசை, இரண்டு நோய்

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் முதலில் அம்மையாரின் காதுக்குள் பார்த்தார். குறும்பி அடைத்திருக்கவில்லை, செவிப்பறையும் நன்றாக இருந்தது. பிறகு இசைக்கவையைத் தட்டி நெற்றியின் நடுவில் வைத்து, ஓசை எந்தப் பக்கம் கேட்கிறது என்று வினவினார். இடப்பக்கம் என்றார் அம்மையார். குறும்பியோ சளியோ அடைத்ததால் காது மந்தமானால், நெற்றியில் வைத்த இசைக்கவையின் ஓசை மந்தமான காதின் பக்கமே ஒதுங்கிக் கேட்கும். உட்செவியும் நரம்பும் பழுதுபட்டிருந்தால் நல்ல காதின் பக்கம் கேட்கும். அம்மையாருக்குக் கேட்டது நல்ல காதில். அடுத்த அரைமணி நேரத்தில் எடுத்த 'ஆடியோகிராம்' எனப்படும் செவித்திறன் சோதனையும் அதையே உறுதி செய்தது.

"ஐயா, உங்களுக்கு இருப்பது நாட்பட்ட காது இரைச்சல். அம்மாவுக்கு வந்திருப்பது திடீர்ச் செவிநரம்புக் குறைபாடு. இரண்டிலும் சத்தம் கேட்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இதற்கு நாள் கணக்கு உண்டு" என்றார் மருத்துவர். ஆசிரியர் தலைகுனிந்தார்.

முதுமையில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது. வெளியே ஓசை எதுவும் இல்லாதபோதும் காதிலோ தலையிலோ ஓசை கேட்பதை மருத்துவர்கள் 'டின்னிடஸ்' என்பார்கள். சிலருக்கு அது ரீங்காரம், சிலருக்குக் கடலிரைச்சல், சிலருக்குக் குக்கர் விசில், சிலருக்கு மணியோசை. தொடங்கி மூன்று மாதங்களுக்கு உட்பட்டதைப் புதிதாக வந்தது என்றும், அதைக் கடந்து நீடிப்பதை நாட்பட்டது என்றும் பொதுவாகப் பிரிக்கிறார்கள். ஆறு மாதத்தை எல்லையாகக் கொள்வோரும் உண்டு. புதிதாக வந்ததில் காரணத்தைத் தேடிச் சரிசெய்வது முதற்பணி. நாட்பட்டதில் அந்த ஓசை வாழ்க்கையை ஆட்டிப்படைக்காமல் செய்வதே முதற்பணி.

இத்தொல்லை தமக்கு மட்டுமே வந்ததாக யாரும் மனம் சோர வேண்டியதில்லை. உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான கணக்கின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினர், அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டோர், இந்த ஓசையை அனுபவித்திருக்கிறார்கள். முதியவர்களில் இது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உண்டு. ஆனால் அதைக் கடுந்துன்பமாக உணர்வோர் மிகச் சிலரே.

ஓசை எங்கிருந்து பிறக்கிறது?

நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட உட்செவியில் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. வெளியோசையின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அவற்றின் தொழில். முதுமை, பேரோசை, சில மருந்துகள் ஆகியவற்றால் அச்செல்கள் அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. உச்சக் குரலையும் கீச்சொலியையும் உணரும் செல்களே பெரும்பாலும் முதலில் போகின்றன. அந்தப் பகுதியிலிருந்து செய்தி வராதபோது மூளை சும்மா இருப்பதில்லை. தன் கேட்கும் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. பழைய ரேடியோவில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியைக் கூட்டக் கூட்ட இரைச்சலே பெருகுமல்லவா? காது இரைச்சலின் இயல்பும் ஏறத்தாழ அதுவே.

இதற்கு ஒரு பழைய சோதனை நல்ல சான்று. அமெரிக்காவில் 1953-ல், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் அமரச் செய்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதோவோர் ஓசை கேட்டதாக எழுதினார்கள். முழு அமைதியில் பெரும்பாலோரின் காதுகளில் ஏதோவொன்று ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. பலருக்கு மனம் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலருக்கு மனம் அதையே பற்றிக்கொள்கிறது. சிகிச்சையின் திறவுகோல் இந்த வேறுபாட்டில்தான் உள்ளது.

உடனே செல்ல வேண்டிய நேரங்கள்

அம்மையாருக்கு வந்ததுபோல, மூன்று நாட்களுக்குள் ஒரு காது திடீரென மந்தமாகி அதனோடு இரைச்சலும் தோன்றினால், அது அவசரநிலை. ஸ்டீராய்டு மருந்தே இதற்குரிய முதன்மைச் சிகிச்சை. அதை இரண்டு வாரங்களுக்குள், முடிந்தால் முதல் சில நாட்களிலேயே, தொடங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கேள்விறன் மீளும் வாய்ப்பைக் குறைக்கிறது. சளி, காதடைப்பு, தண்ணீர் புகுந்தது என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டு காத்திருப்பதே பலரும் செய்யும் பிழை.

வேறு சில அறிகுறிகளும் விரைந்து கவனிக்கப்பட வேண்டியவை. நாடித்துடிப்போடு ஒத்து 'தப் தப்' என்று ஓசை கேட்டால், அது இரத்தக் குழாய்களைச் சார்ந்த கோளாறாக இருக்கலாம். கழுத்து, தலைப் பகுதிகளுக்கு ஸ்கேன் தேவைப்படும். இரத்தசோகையும் தைராய்டு மிகையும்கூட அவ்வாறு ஒலிக்கச் செய்யும். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலுக்கு, செவிநரம்பில் வளரும் புற்றல்லாத கட்டி அரிதாகக் காரணமாகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதைக் காட்டிவிடும். இரைச்சலோடு தலைச்சுற்றலும் காதடைப்பும் விட்டுவிட்டு வந்தால் மெனியர் நோயா என்று பார்க்க வேண்டும். முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல், கைகால் தளர்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

புதிதாக வந்ததற்குரிய சிகிச்சை

புதிய இரைச்சல் எல்லாமே அச்சத்துக்குரியது அன்று. குறும்பி இறுகி அடைத்திருந்தால் மருத்துவர் அதை அகற்றிய அன்றே ஓசை அடங்கிவிடுவதுண்டு. நடுச்செவியில் சீழோ நீரோ கோத்திருந்தால் அதற்குரிய மருந்தால் குறையும். திருவிழாவில் அதிர்வேட்டு அருகில் வெடித்ததாலோ ஒலிபெருக்கியின் முன் நின்றதாலோ வந்த இரைச்சல், பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தானாகவே தணியும். காதும் மந்தமாகி, ஓசையும் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காது நன்றாகக் கேட்டு இரைச்சல் மட்டும் புதிதாக இருப்பவர்கள் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மெல்லக் குறைந்துவிடுகிறது. அவர்களுக்குத் தேவை ஒரு சோதனையும் ஓர் ஆறுதல் சொல்லும் மட்டுமே.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மிகுந்த அளவு ஆஸ்பிரின், மலேரியாவுக்கான குயினைன், ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. ஆயினும் இதயத்துக்காக நாள்தோறும் உண்ணும் சிறிய அளவு ஆஸ்பிரினைக் காதுக்கு அஞ்சித் தாமாக நிறுத்திவிடக் கூடாது. காதைக் காக்கப் போய் இதயத்தை இழக்கும் செயல் அது.

அம்மையாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும் என்பதால், செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் நடுச்செவிக்குள்ளேயே மருந்தைச் செலுத்தும் முறையை மருத்துவர் தேர்ந்தெடுத்தார். மாத்திரையால் பயன் கிடைக்காதவர்களுக்கும் இம்முறை கைகொடுக்கும். எந்த வழியாயினும் இது மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டிய சிகிச்சை. பக்கத்து வீட்டாருக்கு எழுதித் தந்த சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி உண்பது பேராபத்து.

நாட்பட்டதற்குரிய சிகிச்சை

அம்மையாருக்கான ஏற்பாடுகள் முடிந்ததும் மகள் விடவில்லை. "அப்பாவையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள் டாக்டர்" என்றாள். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஆசிரியருக்குச் செவித்திறன் சோதனை நடந்திருக்கவில்லை! இரு காதுகளிலும் உச்ச ஒலிகளுக்கான கேள்விறன் கணிசமாகக் குறைந்திருப்பது அன்றுதான் தெரிந்தது. 'ச', 'ப', 'த' போன்ற ஓசைகள் அவருக்கு மங்கலாகவே விழுந்திருக்கின்றன. பிறர் முணுமுணுக்கிறார்கள் என்று அவர் சினந்ததன் காரணமும் அதுவே.

நாட்பட்ட இரைச்சலை அடியோடு அழிக்கும் மாத்திரை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 'லிடோகெயின்' என்னும் மரப்பு மருந்தை நரம்பில் செலுத்தினால் சிலருக்கு ஓசை சற்று நேரம் அடங்குவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஆனால் அதன் பயன் சிறிது நேரமே. இதயத்துக்கு ஆபத்தும் உண்டு. ஆகவே அது சிகிச்சையாகவில்லை. செவிநரம்பையே வெட்டினால் என்ன என்று கேட்போரும் உண்டு. கட்டிக்காக அந்த நரம்பு வெட்டப்பட்டவர்களில் பலருக்கு அதன் பின்னரும் ஓசை தொடர்ந்தது. ஓசையை நிலைநிறுத்துவது காது மட்டும் அன்று, மூளையும்தான் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அதனால் வைத்தியமே இல்லை என்று பொருளாகாது. பயன் தரும் வழிகள் மூன்று உண்டு.

முதலாவது, காது கேட்கும் கருவி. கேள்விறன் குறைந்தவர்களுக்கு இதுவே முதற்படி. வெளியோசை நன்றாக உள்ளே வரும்போது மூளை தன் கூர்மையைத் தளர்த்துகிறது. உள்ளோசையும் பின்னுக்குப் போகிறது. 'ஆடியாலஜிஸ்ட்' எனப்படும் செவித்திறன் வல்லுநர், சோதனை அறிக்கைக்கு ஏற்பக் கருவியைச் சீரமைத்துத் தர வேண்டும். விளம்பரம் பார்த்து வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருள் அன்று அது. முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம்கூட எரிச்சலூட்டும். அதற்காகப் பெட்டியில் போட்டு வைத்துவிடாமல், நாளுக்கு ஓரிரு மணி நேரம் என்று தொடங்கிப் பழக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் சோதனை செய்துகொள்ளலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மூத்த குடிமக்களுக்கு, 2017-ல் தொடங்கப்பட்ட 'ராஷ்ட்ரீய வயோஸ்ரீ' திட்டத்தில் இக்கருவியும் வழங்கப்படுகிறது. கருவியாலும் கேட்க இயலாத அளவு செவி போனவர்களுக்குக் காக்ளியர் உள்வைப்புச் சிகிச்சை உண்டு. அது பலருக்கு இரைச்சலையும் குறைக்கிறது.

இரண்டாவது, ஒலித்துணை. முழு அமைதியே இரைச்சலின் நண்பன். படுக்கையறையில் மின்விசிறியின் ஓசை, மெல்லிய மழையோசை, சுருதிப் பெட்டியின் தம்புரா நாதம் ஆகியவற்றில் ஒன்றைத் தாழ்ந்த ஒலியில் வைத்துக்கொள்ளலாம். காதின் ஓசையை முற்றிலும் மூழ்கடிக்கும் அளவுக்கு அது உரக்க இருக்கக் கூடாது. இரண்டும் கலந்து கேட்க வேண்டும். பாலில் தண்ணீர் கலந்தாற்போல் இரண்டும் கலக்கும்போதுதான், உள்ளோசையைப் பொருட்படுத்தாதிருக்க மனம் பழகுகிறது. அமெரிக்காவில் 1990-களில் உருவான மறுபயிற்சிச் சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. அதில் ஒலித்துணையோடு விளக்கமும் ஆலோசனையும் ஒன்றரை ஆண்டு வரை தொடரும். அமைதியான இடத்தில் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வது இதற்கு நேர் எதிரான செயல். அது உள்ளோசையை மேலும் பெருக்கும்.

மூன்றாவது, மனத்துக்கான பயிற்சி. 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று இதற்குப் பெயர். "இந்த ஓசை என் மூளையை அழிக்கிறது", "இனி எனக்கு உறக்கமே இல்லை" என்பன போன்ற எண்ணங்களை எடுத்து ஆராய்ந்து, உண்மை நிலையை மனத்துக்கு உணர்த்தும் முறை இது. மொத்தம் 2,733 பேர் பங்கேற்ற 28 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான மதிப்பீடு, இச்சிகிச்சை ஓசையினால் விளையும் துன்பத்தைக் குறைக்கிறது என்று கூறுகிறது. இச்சிகிச்சை பெறுபவரை மனநோயாளி என்று எண்ணிவிடக் கூடாது. ஓசை ஒரு பங்கு என்றால், அதைப் பற்றிய அச்சம் மூன்று பங்கு துன்பத்தைத் தருகிறது. அந்த மூன்று பங்கையும் குறைக்க முடியும்.

பணத்தைக் கரைக்கும் வழிகள்

பயன் நிரூபிக்கப்படாதவற்றையும் அறிந்துகொள்வது நல்லது. ஜின்கோ என்னும் இலைச் சாறு மாத்திரையால் இரைச்சலுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று 2022-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. துத்தநாகம், மெலடோனின் ஆகியவற்றை இரைச்சலுக்காக வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. தலைச்சுற்றலுக்குத் தரப்படும் பீட்டாஹிஸ்டின் மாத்திரை வெறும் இரைச்சலுக்குப் பயன்படுவதாக நிரூபணமில்லை. சோதனையில் பி12 குறைவு தெரிந்தால் அதை ஈடுகட்ட வேண்டியதுதான். குறைவே இல்லாதவர் வைட்டமினை அள்ளி விழுங்குவதால் ஓசை போகாது. நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் காதில் ஒலியும் சேர்த்துத் தரும் கருவி ஒன்றுக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துள்ளது. அது இன்னும் பரவலான வழக்கத்துக்கு வரவில்லை.

காய்ச்சிய எண்ணெயையோ பூண்டுச் சாற்றையோ காதில் விடுவதும், ஊக்கும் பஞ்சுக் குச்சியும் நுழைப்பதும் கைவிடப்பட வேண்டிய பழக்கங்கள். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் எண்ணெய் விட்டால் சீழ்பிடிக்கும். காபி விஷயத்தில் ஓர் ஆறுதல்: காபியை நிறுத்தினால் இரைச்சல் குறையும் என்பது நிரூபிக்கப்படவில்லை. உறக்கம் கெடாதபடி மாலைக்குப் பின் தவிர்த்தால் போதும்.

நாதமா, நோயா?

அடியார்களிடையே எழும் ஓர் ஐயத்தையும் இங்கே தெளிவுபடுத்துவது அவசியம். யோக நூல்கள் உள்ளே எழும் நாதத்தைப் பற்றிப் பேசுகின்றன. கடல், பேரிகை, சங்கு, மணி, குழல், வண்டு ஆகியவற்றின் ஓசைகளைப் போல அது கேட்கும் என்று ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கிறது. இதைக் கேள்விப்பட்ட சிலர், தம் காதில் ஒலிப்பது பிரணவ நாதம் என்று எண்ணி மருத்துவரை நாடாமல் இருந்துவிடுகிறார்கள். யோகி, புலன்களை அடக்கி, செவிகளை மூடி, குருவின் வழிகாட்டுதலில் தேடிக் கேட்கும் நாதம் வேறு. தேடாமலே வந்து, செவியை மந்தமாக்கி, உறக்கத்தைப் பறிக்கும் ஓசை வேறு. முன்னது மனத்தை ஒடுக்கும். பின்னது மனத்தைக் கலைக்கும். ஐயம் எழுந்தால் முதலில் செவியைச் சோதித்துக்கொள்வதால் பக்திக்கு ஒரு குறையும் நேராது. உடலைப் பேணுவதும் ஆலயத்தைப் பேணுவது போன்றதே.

அதேபோல, ஆலயத் திருவிழாக்களில் வாண வேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகே முதியோரையும் குழந்தைகளையும் நிறுத்தாமல் இருப்பது குடும்பத்தாரின் கடமை. 85 டெசிபல் ஓசையை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கும் செவி, அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்தோறும் பாதி நேரமே தாங்கும். பத்தடி தள்ளி நின்றாலும் சுவாமி தரிசனம் கிடைக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியது

காது இரைச்சலைப் பெரும்பாலும் வேறொருவர் கேட்க இயலாது. அதனால் வீட்டார், "எல்லாம் மனப்பிரமை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அச்சொல் ஓசையைவிட அதிகம் துன்புறுத்தும். முதியவரின் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுவது, பேச்சில் அவரையும் சேர்த்துக்கொள்வது, பரிசோதனைக்கு உடன் செல்வது ஆகியவையே பெரும் மருந்து. "இனி வாழ்ந்து என்ன பயன்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அதை வெறும் புலம்பலாக எண்ணித் தள்ளாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண்ணில் தமிழிலும் இலவச ஆலோசனை கிடைக்கிறது.

உச்சிக்கால மணி

சில வார இடைவெளிகளில் மூன்று ஊசிகள் போட்டபின் அம்மையாரின் வலக்காது பெருமளவு மீண்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. ஆனால் உச்ச ஒலிகள் முழுவதும் திரும்பவில்லை. மெல்லிய ரீங்காரம் ஒன்று தங்கிவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் முழுவதும் திரும்பியிருக்குமா என்று ஆசிரியர் கேட்டார். "அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா. வாய்ப்புக் கூடுதலாக இருந்திருக்கும், அவ்வளவுதான்" என்றார் மருத்துவர். அந்தப் பதிலோடுதான் ஆசிரியர் இனி வாழ வேண்டும். அம்மையாரோ அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ஆசிரியர் இப்போது இரு காதுகளிலும் கருவி அணிகிறார். இரவில் சுருதிப் பெட்டி மெல்ல ஒலிக்கிறது. சில்வண்டுகள் போய்விடவில்லை. ஆனால் அவை தோட்டத்துக்குத் திரும்பிவிட்டன என்கிறார். வீட்டுக்குள் முன்போல் வருவதில்லையாம். மூலிகைக் குப்பிக்குச் செலவான பணம் மிச்சமாகிறது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நண்பகல் அவர் மனைவியோடு உச்சிக்கால பூஜைக்குச் சென்றார். அன்னையின் வடிவாகச் சேலையுடுத்திய அர்ச்சகர், மேளதாளத்தோடு ஜம்புகேஸ்வரர் சந்நிதிக்குச் செல்லும் காட்சியைச் சற்றுத் தள்ளி நின்று, கருவியின் ஒலியைக் குறைத்துக்கொண்டு கண்டார். பழக்கமில்லாத இடமாக மனைவியின் இடப்பக்கம் நின்றார். அவருக்கு நன்றாகக் கேட்பது அந்தக் காதில்தான்.